சிவப்புக் கேலிபரும் தாப்பா இறக்கமும்

ரிங்லெட் மலைப்பாதையில் ஸ்போர்ட்ஸ் செடான்களுக்குப் பெரிய பிரேக் மோகம். காசு எங்கே போகிறது? காப்பாற்றுவது எது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் 59-ஆம் எண் கூட்டரசு சாலையில், லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு எதிரே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. பெத்தாயும் டுரியானும் தேன் பாட்டிலும் அடுக்கிய கடைகள், அருவியில் நனைந்த குழந்தைகளைத் துவட்டும் அம்மாக்கள், பின்னால் வந்து ஹாரன் அடிக்கும் சுற்றுலாப் பேருந்து. அந்த நெரிசலுக்குள் ஒரு கறுப்பு செடான் ஓரங்கட்டுகிறது. பதினெட்டு அங்குல ஸ்போர்ட் ரிம். அதன் ஆரங்களுக்கு நடுவே, யார் கண்ணுக்கும் தப்பாத சிவப்புக் கேலிபர், பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் புகை.

கதவு திறப்பதற்குள் வாடை வந்துவிடுகிறது. பிரேக் பேடில் இருக்கும் பிசின் கருகும் வாடை அது. ஒருமுறை மூக்கில் ஏறினால் தாப்பா டோல் வரைக்கும் போகாது. ஓட்டி வந்த இளைஞர் மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தை நோக்கி ஓடுகிறார். பக்கத்து லாரிக்காரர் கையை ஆட்டித் தடுக்கிறார். கொதிக்கும் இரும்புத் தட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தட்டு வளைந்துகொள்ளும், சில சமயம் விரிசலும் விடும் என்பது அவருக்குத் தெரியும். அரை மணி நேரம் ஆற விட்டால் போதும்.

பள்ளி விடுமுறைக் காலத்தில் இந்த வழியாக இறங்குகிறவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. பழைய வேன் புகைவதில் ஆச்சரியமில்லை. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்டி பிரேக்கை மாற்றிய ஸ்போர்ட்ஸ் செடான் ஏன் புகைகிறது? அங்கேதான் இந்தக் கட்டுரைக்கு வேலை.

ஏறும்போது கொண்டாட்டம்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து வைத்துவிட்டுப் போனார். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை ஏறியதும் அந்தக் காலகட்டத்தில்தான். அந்தச் சாலை வழியாகத்தான் நம் பாட்டன்மார்கள் மூட்டை முடிச்சுகளோடு ரிங்லெட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். லாரி ஒன்று ஏற, இன்னொன்று ஒதுங்கி நிற்கும் அளவுக்கு அமைந்த வளைவுகள் பல இன்றும் அப்படியே இருக்கின்றன.

2000-களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறந்தது. அகலமான, நீண்ட இறக்கங்கள் கொண்ட சாலை. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாக ரவுப் பக்கம் இறங்கும் சாலை அதற்குப் பிறகு வந்தது. பல வழி இருந்தாலும், கார் பிரியர்கள் கூட்டமாக வரும்போது பிடித்தமான சுற்று ஒன்றுதான்: ஈப்போ பக்கமிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறி, பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி, தானா ராத்தாவில் தே தாரேக், பிறகு ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறக்கம். ஏறும்போது எஞ்சினின் வலிமை தெரியும். இறங்கும்போது பிரேக்கின் வண்டவாளம் தெரியும்.

ரிங்லெட் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்குச் சற்று மேலே. தாப்பா சமவெளி. நடுவில் 45 கிலோமீட்டர் சொச்சம் தூரம், எண்ணி முடியாத வளைவுகள். மதியத்துக்கு மேல் மழை, மழைக்குப் பின் சாலையில் வழியும் செம்மண், திடீரென இறங்கும் பனிமூட்டம். சாயங்காலமானால் கோலாலம்பூர் சந்தைக்குப் போகும் காய்கறி லாரிகளின் வரிசை.

சூட்டுக் கணக்கு

பிரேக் என்பது காரை நிறுத்தும் கருவி என்று எல்லோரும் சொல்கிறோம். பட்டறை மொழியில் சொன்னால் அது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தச் சூடு எங்கே போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான்கு பேர், பெட்டி, இரண்டு மூட்டை சோளம், முட்டைகோசு எல்லாம் ஏற்றிய ஒரு செடான் 1,600 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 1,000 மீட்டர் இறங்கும்போது மலை அதற்குக் கொடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய 16 மெகாஜூல். 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஆனால் பயப்பட வேண்டாம். இதில் பெரும்பங்கை டயரின் உருளலும் காற்றின் எதிர்ப்பும் எஞ்சினும் வழியிலேயே தின்றுவிடும். நிதானமாக, சிறிய கியரில் இறங்கும் காருக்கு பிரேக்கின் மீது விழுவது மிச்சம் மீதிதான். பழைய சாகாவும் கஞ்சிலும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் இந்த மலையை இறங்கியது அப்படித்தான்.

இப்போது இன்னொரு ஓட்டுநரைப் பாருங்கள். வளைவுக்கு வளைவு 80-க்கு ஏற்றி, அடுத்த வளைவுக்கு முன்னால் 40-க்கு அமுக்குகிறார். ஒவ்வொரு அமுக்கலிலும் சுமார் 0.3 மெகாஜூல் சூடாகிறது. நூறு வளைவுக்கு 30 மெகாஜூல். மலை மொத்தமாகக் கொடுத்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு! அதைக் கொடுத்தது மலை அல்ல. அவருடைய வலது கால். பெட்ரோல் ஊற்றி பிரேக்கைச் சூடாக்குகிறார் என்றே சொல்லலாம்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். அந்த 0.3 மெகாஜூலில் 70 விழுக்காடு முன்சக்கரங்கள் இரண்டின் மீது விழும். சாதாரண செடானின் முன் டிஸ்க் ஏழு கிலோ இருந்தால், ஒரு வளைவுக்கு அது சுமார் 30 டிகிரி சூடேறும். ஆற நேரம் கொடுக்காமல் பத்து வளைவு வந்தால் 300 டிகிரி கூடும். கார் கம்பெனி பொருத்தி அனுப்பும் பேடுகளில் பல 300, 400 டிகிரியைத் தாண்டினால் பிடிமானத்தை இழக்க ஆரம்பிக்கும். மிதி கெட்டியாகத்தான் இருக்கும், கார் நிற்காது. இன்னொரு விதமும் உண்டு: சூடு கேலிபர் வழியாக உள்ளே ஏறி, பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது மிதி தரையைத் தொடும். "அண்ணே, பிரேக்கு உள்ள போவுது" என்று பட்டறையில் வந்து சொல்லப்படுவது இதுதான். வண்டி ஆறி, பட்டறைக்கு வந்து சேரும்போது எல்லாம் சரியாகிவிட்டிருக்கும். ஃபோர்மேன் மிதித்துப் பார்ப்பார், கல்லாட்டம் இருக்கும், ஒன்றும் இல்லை தம்பி என்று அனுப்பிவிடுவார்.

பெட்டிச் செய்தி: பிரேக் ஆயில் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

டாட் 3: புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140.
டாட் 4: புதிதில் 230, ஈரம் ஏறிய பின் 155.
டாட் 5.1: புதிதில் 260, ஈரம் ஏறிய பின் 180.

இவை அந்தந்தத் தரத்துக்கான குறைந்தபட்ச அளவுகள். ஈரம் ஏறியது என்றால் 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்த நிலை. இந்த ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டவை. நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கோன் ரகம். அது 5.1-இன் தம்பி அல்ல, இந்த மூன்றோடும் கலக்கவே கூடாது.

ஹாஃப் கட் கடையிலிருந்து இறங்கிய பிரேக்

மலேசியாவில் பிரேக்கை மாற்றும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் புரோட்டோனுக்குத் தனி அத்தியாயம். 1993-இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரின் உடம்பு. அதே குடும்பத்தின் மூத்த முரடன் லான்சர் இவோலூஷன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் கார்கள் ஹாஃப் கட் கடைகளில் குவிந்தபோது, வீரா வைத்திருந்த பையன்களுக்குத் திருவிழா. எஞ்சின், கியர்பாக்ஸ், இருக்கை, அப்புறம் பிரேக்.

1998-இல் வந்த ஐந்தாவது இவோவிலிருந்து பிரெம்போ பிரேக் பொருத்தி வந்தது. முன்னால் நான்கு பிஸ்டன் கேலிபர், 320 மில்லிமீட்டர் டிஸ்க். வீராவுக்கோ சக்கரத்தில் நான்கு நட்டு, இவோவுக்கு ஐந்து. ஆகவே கேலிபரை மட்டும் வாங்கி வந்தால் போதாது. ஹப், நக்கிள், ரிம் எல்லாம் மாற வேண்டும். ஐந்து நட்டு ரிம் போட்ட வீராவைச் சாலையில் பார்த்தால், அதன் சொந்தக்காரர் பிரேக்குக்காக எத்தனை வார இறுதிகளைப் பட்டறையில் கழித்திருப்பார் என்று விவரம் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். 2010-இல் வந்த இன்ஸ்பிராவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது லான்சரேதான், ஐந்து நட்டுதான், பத்தாவது இவோவின் 350 மில்லிமீட்டர் டிஸ்க்கை நோக்கி ஆசைப்படுவதற்கு வழி நேராக இருந்தது. பதினெட்டு அங்குல ரிம் மட்டும் கட்டாயம்.

இந்த மோகத்தை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2002-இல் கரம்ஜித் சிங், இவோவை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் பெர்ட் காரில் உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். ஈப்போக்காரர். அந்தச் செய்தி படித்து வளர்ந்த தலைமுறைக்கு இவோ பிரேக் என்பது கனவின் ஒரு துண்டு. இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் டர்போ எஞ்சின் கொண்ட ஹோண்டா சிவிக்கும் புரோட்டோன் பிரீவேயும் வியோஸின் ஜிஆர் ரகமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடைகளும் மாறிவிட்டன. பழைய சாமான் குவியலில் தோண்டிய காலம் போய், கண்ணாடி அலமாரியில் கேலிபரை விளக்குப் போட்டு வைக்கும் காலம்.

பெரிய டிஸ்க் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது

நேர்மையாகச் சொன்னால், நல்ல பெரிய பிரேக் செட் சூட்டைத் தாங்கும். ஏழு கிலோ டிஸ்க்குக்குப் பதில் பத்து கிலோ டிஸ்க் போட்டால், முன்பு வளைவுக்கு 30 டிகிரி ஏறிய சூடு 20-ஐ ஒட்டி இறங்கும். காற்று புகும் இடைவெளி அதிகம், ஆறுவதும் வேகம். பேட் பெரிது, தேய்மானம் குறைவு. சிப்பாங் பந்தயத் தடத்தில் வாரம் தவறாமல் ஓடுகிறவருக்கு இது செலவு அல்ல, தேவை.

ஆனால் ஒற்றை அவசர நிறுத்தத்தில்? ஏபிஎஸ் கொண்ட எந்த நல்ல செடானும் கம்பெனி பிரேக்கிலேயே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பலம் கொண்டது. பூட்டும் எல்லையைத் தொட்ட பிறகு காரை நிறுத்துவது டயர் மட்டுமே. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் காய்ந்த சாலையில் 18 மீட்டரில் நிற்கும் என்றால், நனைந்த சாலையில் அதே கார் நிற்க 28 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் பதறும் நேரம் இதில் சேர்த்தியில்லை. கேலிபரில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் அந்தப் பத்து மீட்டர் குறையாது. டயரின் பள்ளம் தேய்ந்திருந்தால் கூடும்.

இன்னொரு கோளாறு, முன்னால் மட்டும் மாற்றுவதில் வருகிறது. பெரும்பாலானவர்கள் காசுக்காக முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பெனி முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு கணக்குப் போட்டுத்தான் பிரேக்கை அனுப்பியிருக்கிறது. முன்னால் பலம் திடீரெனக் கூடினால், முன்சக்கரம் சீக்கிரம் பூட்டும் நிலைக்கு வந்து ஏபிஎஸ் தலையிடும். பின்சக்கரம் தன் பங்கைச் செய்யாமலே நிற்கும். நிறுத்தத் தூரம் குறைவதற்குப் பதில் கூடவும் வாய்ப்புண்டு. கேலிபரில் பிஸ்டன் பரப்பு பெரிதானால் பழைய மாஸ்டர் பம்ப் அதை நிரப்பத் திணறும். மிதி ஆழமாகப் போகும். கடையில் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், கொஞ்ச நாளில் பழகிடும் என்பது. பழகக் கூடாத விஷயம் அது.

பிறகு ரிம். பெரிய கேலிபர் ஆரத்தில் இடிக்கிறது என்று ஸ்பேசர் வைத்துத் தள்ளுவார்கள். நட்டு போதுமான சுற்று ஏறியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் பட்டறையும் உண்டு, பார்க்காததும் உண்டு. துளை போட்ட டிஸ்க் படத்தில் அழகு. சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல் கிளம்புவது அந்த ரகத்தில்தான் அதிகம். கோடு கீறிய டிஸ்க் அந்த விதத்தில் பரவாயில்லை. பந்தயப் பேடோ வேறு கதை. சூடேறிய பிறகு அபாரமாகப் பிடிக்கும். காலைக் குளிரில் தானா ராத்தா ஹோட்டல் வாசலிலிருந்து இறங்கும் முதல் சரிவில் பிடிக்காது.

இத்தனைக்கும் மேல் போலி. 1961-இல் இத்தாலியின் பெர்காமோ பக்கம் தொடங்கிய பிரெம்போவின் பெயரை, அந்த நிறுவனம் கண்ணாலும் பார்த்திராத வார்ப்பிரும்பில் பதித்து விற்கிறார்கள். அதைவிடப் பாவமில்லாதது, சாதாரண கேலிபரின் மேல் மாட்டும் சிவப்பு பிளாஸ்டிக் மூடி. ஏமாற்று அதிகம் இல்லை, பாருங்கள், விலையே சொல்லிவிடும். ஆனால் காற்று புக வேண்டிய இடத்தை அது மூடிவிடுகிறது. அழகுக்காக மாட்டியது சூட்டைப் பூட்டி வைக்கிறது.

மலைக்குப் போகிறவர் முதலில் தொட வேண்டியது

இந்த இடத்தில் ஒரு கட்சி எடுத்துத்தான் ஆக வேண்டும். ரிங்லெட் இறக்கத்துக்காக பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர் கேலிபரைப் பற்றி நினைக்கவே ஆரம்பிக்கக் கூடாது. முதல் செலவு ஆயில். நான்கு சக்கரத்திலும் பழையதை முழுவதுமாக வடித்துவிட்டு, கம்பெனி கையேடு அனுமதிக்கும் நல்ல டாட் 4 அல்லது 5.1 ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள். மாஸ்டர் பம்ப் டப்பாவில் மேலாகக் கொஞ்சம் மாற்றிவிட்டு மாற்றியாச்சு என்பது மாற்றமே அல்ல. கொதிப்பது கேலிபருக்குள் இருக்கும் ஆயில். கேலிபரின் வடிகால் திருகில் வரும் கடைசிச் சொட்டு தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். தேயிலைச் சாய நிறத்தில் வந்தால் இன்னும் வடிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்பவருக்கு, நாலு பிஸ்டன் கேலிபருக்குள் ஐந்து வருட ஆயிலோடு இறங்குகிறவரைவிடப் பாதுகாப்பு அதிகம்.

அடுத்தது பேட். விலையைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். பேடின் விளிம்பில் நீண்ட எழுத்துக் கோவை அச்சிட்டிருக்கும். அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்து. முதல் எழுத்து இளஞ்சூட்டில் பிடிமானம், இரண்டாவது கடுஞ்சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டும் ஒரே எழுத்தாக இருந்தால் சூட்டில் குணம் மாறாது என்று பொருள் கொள்ளலாம். மலைக்கு எஃப் எஃப் தாராளம். பெட்டியின் மேல் ஐக்கிய நாடுகளின் ஆர்90 முத்திரை இருந்தால், கம்பெனி பேடின் செயல்திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாது என்று சோதித்தது. எந்த எழுத்தும் எந்த முத்திரையும் இல்லாத பேட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பக்கத்துக் கிளினிக் வரை ஓட்டுவதற்குக்கூட வேண்டாம்.

புதுப் பேட், புது டிஸ்க் போட்ட அன்றே மலை ஏறுவது இன்னொரு பழக்கம். சமவெளியில், பின்னால் வண்டியில்லாத சாலையில், மிதமாக அமுக்கி அமுக்கி விட்டு, இரண்டையும் பொருந்த வைக்க வேண்டும். புது பேடின் பிசின் முதல் சூட்டில் வாயு கக்கும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நிற்கும். அதை லாத்தா இஸ்கந்தாருக்கு மேலே முதல்முறை அனுபவிப்பவர்கள் போன கிழமைதானே மாத்தினேன் என்று திகைப்பார்கள்.

மூன்றாவது, பள்ளம் தேயாத டயர். நான்காவது, பழசாகிப்போன ரப்பர் பிரேக் குழாயை மாற்றுவது. பின்னல் எஃகு உறை போட்ட குழாய் மிதியின் உணர்வைக் கூராக்கும். நிறுத்தும் பலத்தைக் கூட்டாது. டிஸ்க்கை மாற்றும் முன் அதன் மையத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் எண்ணைப் படியுங்கள். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க் சூட்டை வாங்கி வைக்க இடமில்லாத டிஸ்க். இதெல்லாம் முடித்து, இன்னும் பந்தயத் தடத்துக்குப் போகிற பழக்கமும் இருந்தால், அப்போது பெரிய டிஸ்க், பெரிய கேலிபர். அதையும் முன், பின் சேர்த்து, மாஸ்டர் பம்ப் கணக்கோடு.

செலவே இல்லாத ஐந்தாவது மேம்பாடு கியர். ரிங்லெட் சாலையில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைக் கவனியுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், வயது அரை நூற்றாண்டு, மேலே காய்கறிக் கூடை மலை. சிறிய கியரில் எஞ்சின் முனக முனக இறங்குகின்றன. புகையும் பிரேக்கை அவற்றில் அதிகம் பார்க்க முடியாது. இன்றைய செடானில் சிவிடி கியர்பெட்டி இருந்தால், டி-யில் விட்டு இறங்காமல் எஸ் அல்லது எல்-க்குத் தள்ளுங்கள், ஸ்டீயரிங் பின்னால் துடுப்பு இருந்தால் அதைத் தட்டுங்கள். எஞ்சின் சத்தம் போடும். போடட்டும். தமிழ்நாட்டில் நீலகிரி இறக்கங்களில் இரண்டாவது கியரில் மட்டும் இறங்கவும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நம் மலையிலும் எச்சரிக்கைப் பலகை உண்டு, படிப்பவர் எத்தனை பேர் என்பதுதான்.

பெட்டிச் செய்தி: மிதி தளர்கிறதா?

மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, வாடை வந்தாலோ, உடனே ஒரு கியர் கீழே. ஒதுங்க முதல் இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். மிதியை விட்டு விட்டு வேகமாக அமுக்கினால் சில சமயம் அழுத்தம் திரும்ப வரும். நின்ற பிறகு கைபிரேக்கை இழுத்துக் கட்டாமல், பார்க் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள்; பின்சக்கரமும் சூடாக இருக்கலாம், இழுத்துக் கட்டிய பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறிய பின் மிதி சரியாகிவிட்டாலும் ஆயிலை மாற்றாமல் மறுபடி மலை ஏறாதீர்கள். ஒருமுறை கொதித்தது அடுத்த முறை சீக்கிரம் கொதிக்கும்.

விலை கொடுப்பவர்கள் வேறு

கார் பிரியருக்குப் பிரேக் போனால் காருக்கு அடி, அதிர்ஷ்டம் இருந்தால் காப்புறுதி. ஆனால் 59-ஆம் எண் சாலை பந்தயத் தடம் அல்ல. அது ரிங்லெட்டுக்கும் தோட்டங்களுக்கும் உயிர்நாடி. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது இதில். தாப்பா மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு இறங்குவது இதில். சாலையோரத்தில் கடை போட்டிருக்கும் செமாய் பூர்வகுடிக் குடும்பங்களுக்கும் வெள்ளைக்கோட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லாத இடங்கள் உண்டு. நடுவில் ஒரு கார் மதிலில் இடித்து நின்றால்கூட, மாலைக்குள் கீழே போக வேண்டிய காய்கறி லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். கீரைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மலை இறக்கத்தில் பெரிய வண்டிகள் தவறினால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு மறக்கக் கூடாத விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2010 டிசம்பர் 20-ஆம் தேதி, கேமரனிலிருந்து சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து, தாய்லாந்துப் பயணிகள் உட்பட 27-க்குக் குறையாதோர் இறந்தார்கள். 2013 ஆகஸ்ட் 21-இல் கெந்திங் இறக்கத்தில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலும் இதே கதைதான்: 2023 செப்டம்பர் 30-இல் குன்னூர் அருகே மரப்பாலத்தில், உதகை பார்த்துவிட்டுத் திரும்பிய தென்காசிப் பயணிகளின் பேருந்து பள்ளத்தில் உருண்டு ஒன்பது பேர் இறந்தார்கள். இவை எதுவும் ஸ்போர்ட்ஸ் செடான் அல்ல. பதினைந்து டன் வண்டிக்குச் சூட்டுக் கணக்கு பல மடங்கு கொடியது. அதே காரணத்தால்தான் செடான்காரர் யோசிக்க வேண்டும்: உங்களுக்குப் பின்னால் வளைவில் வருவது அப்படி ஒரு பேருந்தாகவோ மூட்டை நிரம்பிய லாரியாகவோ இருக்கலாம். உங்கள் கார் குறுகிய தூரத்தில் நின்றுவிட்டாலும், பின்னால் வருபவருக்கு அந்த வசதி இல்லை. மலைச் சாலையில் கடைசி நொடியில் பிரேக் அடிப்பது தனி மனித விவகாரம் கிடையாது.

பெரிய பிரேக் போட்டவர் முன்பைவிட வேகமாக இறங்குவதையும் பார்க்கிறோம். வாங்கிய பாதுகாப்பை வேகமாகச் செலவு செய்துவிடுகிறார்கள். கையில் மிஞ்சுவது பழைய இடைவெளியும் புதிய கடன் தவணையும்.

ரோலரில் தேறும் கார்

சட்டப் பக்கம் பலருக்கும் மங்கலாகவே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகனத்தின் கட்டமைப்பில் கை வைப்பதற்கு ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பார்வை உண்டு. அதே தரத்தில் பேட் மாற்றுவது பராமரிப்பு. ஹப்பிலிருந்து மாற்றி வேறு காரின் பிரேக்கைப் பொருத்துவது வேறு விவகாரம். பட்டறைக்காரர் பரவாயில்லை என்று சொன்னாலும், கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடம் மறைக்கவே கூடாது. விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து காரைச் சுற்றும்போது சிவப்புக் கேலிபர் அவர் கண்ணில் படாமல் போகாது.

காரை விற்கப் போனால் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையத்தில் பி5 எனப்படும் உரிமை மாற்றச் சோதனை. அங்கே சக்கரங்களை ரோலரில் ஏற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு பலத்தோடு பிடிக்கிறது, இடதும் வலதும் சமமா என்று இயந்திரம் சொல்லிவிடும். நல்ல சோதனை. ஆனால் அது குளிர்ந்த பிரேக்கில் ஓரிரு நிமிடம் நடக்கும் சோதனை. பத்தாவது வளைவில் 300 டிகிரி ஏறிய பேடையும், ஐந்து வருடம் ஈரம் குடித்த ஆயிலையும் அந்த ரோலர் பார்ப்பதில்லை. ரோலரில் பச்சை விளக்கு வாங்கிய கார் தாப்பா இறக்கத்தில் புகைவதில் முரண்பாடு ஒன்றும் கிடையாது. இரண்டும் இரண்டு வேறு பரீட்சை.

விவரமானவர்கள் கழற்றிய பழைய கேலிபர், டிஸ்க், நக்கிள் எல்லாவற்றையும் ஆயில் தடவி, பழைய துணியில் சுற்றி, வீட்டு ஸ்டோரில் ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். காரை விற்கும்போது அதைத் திரும்ப மாட்டிவிட்டு, பெரிய பிரேக்கைத் தனியாக விற்றுவிடலாம். அப்படி வரும் கேலிபரை வாங்குகிறவருக்கு ஒரே ஒரு வேலை பாக்கி: பிஸ்டன் சீலை மாற்றாமல் பொருத்தக் கூடாது. பத்து, இருபது வருட ரப்பர் சீல், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் கடுஞ்சூட்டில் கசியும்.